கூப்பன், கார்ட், விலைக்கழிவு: கொழும்பில் சாமான் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டில் நான் பில் சேர்க்கிறவள் என்று பெயர் எடுத்துவிட்டேன். லிஃப்டுக்குள் ஏறினால் கேள்வி, மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட்டால் கேள்வி. ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலும் எழுதி வைத்திருக்கிறேன். உதாரணத்துக்குச் சொல்லும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். நீங்கள் வாசிக்கும் நாளில் அவை மாறியிருக்கும்.

கூப்பன் எண்டா அந்தக் காலத்து அரிசிக் கூப்பன் மாதிரியோ, பிள்ளை?

மூன்றாம் மாடி அம்மம்மா கேட்டது. இல்லை அம்மம்மா, அது வேறு. 1942இல், யுத்த காலத்தில், அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் வரிசையில் நின்று வாங்குவார்கள். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்போய்த்தான் அந்தப் பெரிய ஹர்த்தால் வந்தது. 1979இல் கூப்பனை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். அதனால்தான் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமும் 'கூப்பன்' என்றால் முகம் ஒருமாதிரிப் போகிறது.

இப்போது நாங்கள் சொல்லும் கூப்பன் கடைக்காரர் விரித்த வலை. இன்ன நாளில் வா, இன்ன சாமானை வாங்கு, இந்தக் கார்டால் காசைக் கட்டு, இவ்வளவு குறைக்கிறேன் என்பதுதான் பேச்சு. வலை என்று தெரிந்துகொண்டே போனால், இரையை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாம்.

அமெரிக்காவில எல்லாம் பேப்பரில வெட்டிக்கொண்டு போய் ஒரு வண்டில் சாமானைச் சும்மா எடுத்துக்கொண்டு வருகினமே. இஞ்ச ஏலாதோ?

ஏலாது. அங்கே உற்பத்திக் கம்பனியே கூப்பனை அச்சடித்து விடுகிறது. கடை அதை வாங்கி வைத்துக்கொண்டு, குறைத்த காசைப் பிறகு கம்பனியிடம் அறவிடுகிறது. 1909இலேயே ஒரு தானியக் கம்பனி ஒரு சதக் கூப்பன் விட்டிருக்கிறது. அவ்வளவு பழைய ஏற்பாடு. அதற்கு மேல் கடையும் தன் கூப்பனைச் சேர்த்துக்கொள்ள விடுவதால்தான் அந்த வீடியோக்களில் பில் சைபருக்குக் கிட்டப் போகிறது.

கொழும்பில் வெட்டும் கூப்பன் அரிதிலும் அரிது. இங்கே கூப்பனின் வேலையைச் செய்வது நாலு விஷயம்: சுப்பர்மார்க்கட்டின் பொயிண்ட்ஸ், பேங்க் கார்ட் கழிவு, கிஃப்ட் வவுச்சர், ஆப்பில் வரும் புரோமோ கோட். நாலும் நாலு விதமாக வேலை செய்யும். கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுங்கள்.

அக்கா எங்கிட்ட கார்டே இல்ல. நான் எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பண்டாரவளையிலிருந்து வந்து கீழ் மாடியில் போர்டிங் இருக்கும் தம்பி கேட்டது. கார்ட் இல்லாததே நல்ல ஆரம்பம், தம்பி. முதல் மாதம் ஒன்றும் செய்ய வேண்டாம். வாங்கும் சாமானுக்கெல்லாம் பில்லை ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வையுங்கள். மாத முடிவில் கொட்டிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வாங்குவது இருபது, இருபத்தைந்து சாமான்தான் என்று தெரியும். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, ரின்மீன், சவர்க்காரம், முட்டை. அந்த இருபத்தைந்தின் விலையை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். எந்தக் கடை, என்ன திகதி, எவ்வளவு.

இந்தக் கொப்பி இல்லாமல் கழிவு தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற மாதிரி. '300 ரூபா குறைவு' என்று சிவப்பு மட்டையில் போட்டிருப்பான். எதிலிருந்து குறைவு என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்த 300க்கு அர்த்தமே இல்லை. அப்புறம், கடையின் பொயிண்ட்ஸ் திட்டத்தில் ஃபோன் நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள். கார்ட் இல்லாமல் காசு கொடுத்து வாங்குகிறவருக்கும் அது உண்டு.

இந்தப் பொயிண்ட்ஸால என்ன பெரிய லாபம்?

பெரிய லாபம் இல்லை. கீல்ஸில் நெக்சஸ், ஆர்பிகோவில் பிரிவிலேஜ் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயர். 200 ரூபாவுக்கு 1 பொயிண்ட், 1 பொயிண்ட் 1 ரூபா என்று ஒரு கணக்கு வைத்துப் பாருங்கள். மாதம் 40,000 ரூபாவுக்கு வாங்கினால் 200 ரூபா. ஒரு தேங்காய்.

ஆனால் உறுப்பினருக்கு மட்டும் என்று சில சாமானுக்கு வேறு விலை போடுவார்கள். அங்கேதான் ஃபோன் நம்பர் உண்மையில் வேலை செய்கிறது. காசாளரிடம் நம்பரைப் பில் போடத் தொடங்கும் முன்னரே சொல்லுங்கள். முடிந்த பிறகு சொன்னால் பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

பேங்க் கார்ட் கழிவு எந்த நாளில வரும்? எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது?

ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு நாள், ஒவ்வொரு கடை. வார இறுதியில் மரக்கறி, பழம், மீன், இறைச்சிக்கு என்று வருவதுதான் அதிகம். சித்திரைப் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் முன்னால் மொத்தப் பில்லுக்கும் வரும். கடை வாசலில் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள், வங்கியின் இணையதளத்திலும் இருக்கும். மாத ஆரம்பத்தில் பத்து நிமிடம் செலவழித்து, எந்தக் கார்டுக்கு எந்தக் கிழமை என்று எழுதிக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளின் டைம்டேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

பார்க்க வேண்டிய இடம் பெரிய எழுத்தில் உள்ள வீதம் இல்லை, அடியில் எறும்பு மாதிரி இருக்கும் எழுத்து. கிரெடிட் கார்டுக்கு மட்டுமா, டெபிட்டுக்கும் உண்டா? பில் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? ஆகக்கூடிய கழிவு எவ்வளவு? எந்தச் சாமானுக்கு இல்லை? பால்மா, சீனி, அரிசி மாதிரி கடைக்காரருக்கே லாபம் குறைந்த சாமான்களையும் மதுபானத்தையும் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள்.

20 வீதம் எண்டு போட்டிருந்தாங்கள். பில்லில 8 வீதம்தான் குறைஞ்சிருக்கு. ஏமாத்திப்போட்டாங்களோ?

இந்த அக்கா பில்லையும் கொண்டு வந்தார். மொத்தம் 14,000 ரூபா. அதில் மரக்கறி, மீன், கோழி எல்லாம் சேர்த்து 5,600. கழிவு அந்த 5,600க்குத்தான். 20 வீதம் என்றால் 1,120. அது 14,000இல் சரியாக 8 வீதம். யாரும் ஏமாற்றவில்லை. கழிவு இருக்கிற நாள்தானே என்று ஷம்பு, பிஸ்கட், ஐஸ்கிறீம் எல்லாவற்றையும் முழு விலைக்கு அள்ளிப்போட்டது யார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இவர்தான்" என்று கணவரைக் காட்டினார்.

வீட்ல ரெண்டு கார்ட் ஈக்கிது. பில்லைப் பிரிச்சுப் போடலாமா?

போடலாம், அதில் பிழை இல்லை. ஆகக்கூடிய கழிவு 2,000 என்று போட்டிருந்தால், 20 வீதத்தில் அந்த எல்லை 10,000 ரூபாவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாவும் முழு விலை. மிச்சத்தைத் தனிப் பில்லாக்கி மற்றக் கார்டில் கட்டினால் இன்னொரு கழிவு. ஆனால் இரண்டாவது பில்லும் குறைந்தபட்சத் தொகையைத் தொட வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கணக்கிலேயே எடுத்த இணைப்புக் கார்ட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எல்லை என்று சில வங்கிகள் வைத்திருக்கும். வங்கிக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு வரிசை கதவு வரை நிற்கும்போது பில் பிரிக்காதீர்கள். காலையில் கடை திறந்தவுடன் போனால் மரக்கறியும் புதிது, காசாளரும் புதிது.

'2 எடுத்தா 1 இலவசம்' நல்லதுதானே?

மூன்றும் முடிகிற சாமான் என்றால் நல்லது. சவர்க்காரம், பற்பசை, நூடில்ஸ் சரி. யோகட் மூன்று பெட்டி எடுத்து, இரண்டாவதின் நடுவிலேயே திகதி முடிந்தால், அது இலவசம் இல்லை, குப்பைக்கு வாங்கியது.

பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்பதையும் நம்ப வேண்டாம். பால்மா 400 கிராம் 1,100 ரூபா, 1 கிலோ 2,600 ரூபா என்று வையுங்கள். 100 கிராமுக்குச் சின்னது 275, பெரியது 260. பெரியதுதான் மலிவு. இப்போது சின்னதுக்கு மட்டும் 10 வீதக் கழிவு வருகிறது: 990 ரூபா, 100 கிராமுக்கு 247 ரூபா 50 சதம். கணக்கு தலைகீழ். ஃபோனில் கல்குலேட்டர் இருக்கிறதே, தட்டுக்கு முன்னால் நின்று போட வெட்கப்படாதீர்கள். நான் போடும்போது பக்கத்தில் நிற்கிறவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள்.

கழிவு நாளில சுப்பர்மார்க்கட்டில மரக்கறி வாங்கிறதா, சந்தையில வாங்கிறதா?

இதற்கு ஒரே பதில் இல்லை. கொப்பியைப் பார்க்காமல் நான் சொல்லவும் மாட்டேன். என் கொப்பிப்படி, கரட், போஞ்சி, லீக்ஸ் மாதிரி மலைநாட்டு மரக்கறிக்குக் கழிவு நாளில் சுப்பர்மார்க்கட் பல தடவை சந்தையைவிடக் கீழே வந்திருக்கிறது. கீரை, முருங்கைக்காய், தேசிக்காய், பச்சை மிளகாய்க்கு வெள்ளவத்தைச் சந்தைதான். சந்தையில் இன்னொரு வசதி, கறிவேப்பிலையும் ரம்பையும் சும்மா செருகித் தருவார்கள்.

மீன் வேறு கதை. வெட்டித் துப்புரவாக்குவதற்கு முன்னர்தான் நிறுப்பார்கள். பாரை ஒரு கிலோவுக்குக் காசு கட்டிவிட்டு, துண்டை மட்டும் பையில் வாங்கிக்கொண்டு வந்தால், தலைக்குக் கொடுத்த காசு அங்கேயே கிடக்கிறது. "தலையையும் போடுங்கோ" என்று வெட்டத் தொடங்க முன்னமே சொல்லுங்கள். சொதிக்கு அது போதும். நான் இதை அறிந்தது கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு.

உலர் சாமானுக்கு, சொல்லிவிடுகிறேன், எந்தக் கார்டும் புறக்கோட்டையை வெல்வது கஷ்டம். 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறி இறங்கி, நாலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் மொத்த விலைக்குக் கிட்ட வரும். ஒரு கிலோ, இரண்டு கிலோவுக்காகப் போனால் பஸ் காசும் களைப்பும்தான் மிச்சம். நாங்கள் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய் ஓட்டோவில் கொண்டு வந்து பிரிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக்கு மேல் பூட்டு. மரக்கறிக்கென்று பழைய மனிங் மார்க்கட்டைத் தேடியும் அலைய வேண்டாம். அது 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது.

ஆபிசில கிஃப்ட் வவுச்சர் தந்தாங்க. அதைக் கழிவு நாளில பாவிச்சா ரெண்டும் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. கார்ட் கழிவு கார்டால் கட்டும் காசுக்குத்தான். வவுச்சரால் கட்டினால் அந்தத் தொகைக்குக் கழிவு இல்லை. ஆகவே வவுச்சரைக் கழிவு இல்லாத சாதாரண நாளுக்கு வையுங்கள். கார்ட் கழிவிலிருந்து விலக்கிய பால்மா, அரிசி, சீனி இருக்கிறதே, வவுச்சரின் இடம் அதுதான்.

இரண்டு விஷயம் கவனம். முதலாவது திகதி. எங்கள் அப்பாவின் பைபிளுக்குள் 2,000 ரூபா வவுச்சர் ஒன்று இரண்டு வருடமாகப் பத்திரமாக இருந்தது, செல்லாமல். இரண்டாவது, மீதிக் காசு தரமாட்டார்கள். 2,000 ரூபா வவுச்சருக்கு 1,850க்கு வாங்கினால் 150 போச்சு. கொஞ்சம் மேலே போகும்படி வாங்கி, மிச்சத்தைக் கையால் கட்டுங்கள்.

ஆப்ல 500 ரூபா புரோமோ கோட் வந்திருக்கு. வீட்ல இருந்தே எடுக்கலாம்தானே?

ஊபர் ஈட்ஸோ பிக்மியோ, ஓடர் உறுதிப்படுத்தும் திரையில் மூன்று வரியைப் பாருங்கள்: சாமான் விலை, டெலிவரி, சேவைக் கட்டணம். 3,000 ரூபாச் சாமான் ஆப்பில் 5 வீதம் கூடப் போட்டிருந்தால் 150. டெலிவரியும் சேவைக் கட்டணமும் 350. உங்கள் 500 அங்கேயே சரி. மழை நாள், கைக்குழந்தை, கால் வலி என்றால் வீட்டிலிருந்தே எடுங்கள். அதை வசதி என்று எழுதுங்கள், சேமிப்பு என்று எழுத வேண்டாம்.

தட்டில ஒரு விலை, பில்லில ஒரு விலை. என்ன செய்யிறது?

எனக்கே நடந்தது. ஒரு கடையில் தட்டில் 640 என்று போட்டிருந்த எண்ணெய்ப் போத்தல், பில்லில் 720. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. திரும்பிப் போனால், தட்டில் மட்டையை மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து கழிவு மட்டையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்கிறேன். பில்லைக் கதவடியிலேயே நின்று வாசிக்கிறேன். பார்த்த இடத்திலேயே சொன்னால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் திருத்தித் தருவார்கள்.

பாக்கெட்டில் அச்சடித்த ஆகக்கூடிய சில்லறை விலையைத் தாண்டி விற்றால் அது சட்டப்படி குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். பில் கையில் இருக்க வேண்டும். கடதாசிப் பில்லின் எழுத்து கொழும்புச் சூட்டுக்குச் சீக்கிரம் மங்கிவிடும், அதையும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையும் காசுக்குத்தான், பில்லில் வரும். வீட்டிலிருந்து பை கொண்டுபோங்கள்.

வாட்ஸப்பில '25,000 ரூபா வவுச்சர், பத்துப் பேருக்கு அனுப்புங்க' எண்டு வந்திருக்கு?

பொய். அழித்துவிடுங்கள். கார்ட் இலக்கமோ ஓடிபியோ கேட்டால் பதிலே போட வேண்டாம்.

கழிவு எல்லாம் கிரெடிட் கார்டுக்குத்தான் இருக்கு. அதுக்காக ஒண்டு எடுக்கலாமா?

மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டுகிறவர் என்றால் எடுக்கலாம். ஆண்டுக் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள், சில வங்கிகள் கேட்டால் அதைத் தள்ளுபடி செய்யும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு போகிறவர் என்றால் வேண்டவே வேண்டாம். 30,000 ரூபா பாக்கி, ஆண்டுக்கு 26 வீத வட்டி என்று வைத்தால் மாதம் 650 ரூபா வட்டிக்கே போகும். கழிவில் பிடித்ததை வட்டி தின்றுவிடும்.

தனியாக இருக்கிற தம்பிக்கு (மேலே கேட்டவர்தான்) நான் சொன்னது: சம்பளம் வரும் வங்கியின் டெபிட் கார்டுக்கு என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்கும் நாட்கள் உண்டு.

மலிவா வரேக்க நிறைய வாங்கி அடுக்கி வைக்கலாமா? விலை ஏறினா?

2022ஐப் பார்த்தவர்கள் இதைக் கேட்பது நியாயம். அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்தைய வருடத்தைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. பால்மாவுக்கு வரிசையில் நின்ற கால் இன்னும் மறக்கவில்லை. பயத்தில் வாங்கி அடுக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு அப்போது வந்ததுதான்.

ஆனால் கொழும்பு ஈரப்பதனுக்கு அரிசியில் வண்டு, மாவில் பூச்சி, பருப்பில் புழு, எல்லாம் நாங்கள் அழைக்காமலே வரும். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்பே தண்ணியாகிறது. உணவுச் சாமான் ஆறு வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. செத்தல் மிளகாயைக் காயவைத்துப் போத்தலில் அடைத்தால் கொஞ்சம் கூடத் தாங்கும். சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், பற்பசை ஆறு மாதத்துக்கும் வாங்கலாம், அவற்றுக்கு வண்டு வராது.

எல்லாம் செய்தும் மாசக் கடைசியில செலவு குறையேல்லையே?

பில்லின் அடியில் 'இன்று நீங்கள் மிச்சம் பிடித்தது 1,460 ரூபா' என்று போட்டுத் தருவார்கள். அந்த வரியை நம்புவதால்தான். அது கடையின் கணக்கு. கொப்பியில் இருக்கும் இருபத்தைந்துக்குள் வராத சாமானுக்குக் கிடைத்த கழிவு, எவ்வளவு பெரிதானாலும், செலவு. பில்லை எடுத்து, பட்டியலில் இல்லாதவற்றைப் பேனையால் வட்டமிடுங்கள். இரண்டு மாதம் போட்டால் வட்டம் தன்பாட்டில் குறையும்.

அப்ப நீங்கள் உண்மையில எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீங்கள், சொல்லுங்கோ பாப்பம்?

நாலு பேர் வீடு. போன மாதம் சாமானுக்கு 68,300 ரூபா. கார்ட் கழிவு 4,150, உறுப்பினர் விலையால் 900 மட்டில், புறக்கோட்டைப் பயணத்தில் ஓட்டோக் காசு போக என் பங்குக்கு 2,200. பொயிண்ட்ஸ் 310. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு சொச்சம். வட்டமிட்ட சாமான் 1,900 ரூபாவுக்கு இருந்தது, அதில் 1,100 மாம்பழ ஐஸ்கிறீம். அதற்கு 15 வீதக் கழிவு கிடைத்தது.